பிட்டத் தசையும் கால் பலமும்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணாநகர், கே.கே.நகர் ஜிம்களிலும், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் ஓட வருகிறவர்களிடமும், வீட்டிலேயே பயிற்சி செய்யும் பெண்களிடமும் கால் பயிற்சி என்று பேச்செடுத்தால் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல், அது எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. "பின்பக்கம் இருக்கறது கொழுப்புதானே? அதுல என்ன தசை இருக்கு, அது எப்படி வளரும்?"

கொழுப்பு மேலே இருக்கும் போர்வை. அதற்குள்ளே ஒவ்வொரு பக்கமும் மூன்று தசைகள் அடுக்காக இருக்கின்றன. வெளியே இருப்பது பெரும்பிட்டத் தசை. உடம்பிலேயே பெரிய தசை இதுதான். குனிந்தவர் நிமிர்வது, உட்கார்ந்தவர் எழுவது, படி ஏறுவது எல்லாம் இதன் வேலை. சற்று மேலே ஓரமாக, இடுப்பெலும்புக்குக் கீழே நடுப்பிட்டத் தசையும் அதற்கடியில் சிறுபிட்டத் தசையும் உண்டு. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பவை இந்த இரண்டும்.

ஜிம்மில் மூன்றையும் சேர்த்து க்ளூட்ஸ் என்பார்கள். கைத்தசை எப்படி வளருமோ அப்படியே இவையும் பளு கூடக் கூட வளரும். மேலே இருக்கும் கொழுப்பு கூடுவதும் குறைவதும் சாப்பாட்டைப் பொறுத்தது. எந்தப் பயிற்சியாலும் அந்த ஓர் இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது.

2. "தினமும் நூறு தோப்புக்கரணம் போடுறேன். மூணு மாசம் ஆச்சு, ஒரு மாற்றமும் தெரியலையே?"

முதல் வாரம் நாற்பதிலேயே கால் நடுங்கியிருக்கும். இப்போது டிவி பார்த்துக்கொண்டே நூறும் போட முடிகிறது. காரணம் அங்கேதான் இருக்கிறது. தசை தடிக்க வேண்டுமென்றால் ஒரு செட்டின் (நடுவில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றின்) கடைசிச் சில தடவைகள் உண்மையிலேயே திணற வேண்டும். 5 தடவையில் திணறினாலும் சரி, 30 தடவையில் திணறினாலும் சரி, தசை வளரும். செட்டை நிறுத்தும்போது "இன்னும் 1 அல்லது 2 தடவை முடியும், மிஞ்சிப்போனால் 3" என்ற நிலையில் இருக்க வேண்டும்.

நூறு தோப்புக்கரணமும் பஸ்கியும் மூச்சுக்கும் தாங்குசக்திக்கும் நல்லவை. பிடித்திருந்தால் விட வேண்டாம். அதே அசைவை, 12 தடவையிலேயே திணறும் அளவு கனமான டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். நூற்றில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

3. "ஃபோனைத் திறந்தா ஆயிரம் பயிற்சி காட்டுறாங்க. எதைத்தான் செய்யறது?"

நான்கு அசைவுகள் போதும். குத்தவைத்து எழுவது ஸ்குவாட். இடுப்பை மடித்துக் குனிந்து நிமிர்வது ருமேனியன் டெட்லிஃப்ட்; ஜிம்மில் ஆர்டிஎல் என்பார்கள். முதுகைப் பெஞ்சில் சாய்த்து இடுப்பை மேலே தள்ளுவது ஹிப் த்ரஸ்ட். நான்காவது, ஒற்றைக் காலில் எடையை வாங்குவது: பின்காலை உயரத்தில் வைத்து முன்காலால் குந்தி எழும் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட், படியில் ஏறி நிற்கும் ஸ்டெப் அப் போன்றவை. ஓரத்துத் தசைக்காகப் பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்டு கட்டிக்கொண்டு நண்டு போல நடப்பது உடம்பைச் சூடாக்க நல்லது. அதை மட்டுமே நம்பினால் 2-வது கேள்வியில் சொன்ன கதைதான்.

"ஸ்குவாட்டா, ஹிப் த்ரஸ்டா?" என்ற சண்டை ஜிம்மில் ஓயாது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் புதிதாகத் தொடங்கியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்குவாட்டும் மறு குழுவுக்கு ஹிப் த்ரஸ்டும் 9 வாரம் கொடுத்தார்கள். பிட்டத் தசை இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. தொடை ஸ்குவாட் குழுவில்தான் கூடுதலாக வளர்ந்தது. தொடை பெரிதாக வேண்டாம் என்பவர் ஹிப் த்ரஸ்ட் பக்கம் சாயலாம். மற்றவர்கள் இரண்டையும் செய்வதே நல்லது.

4. "ஸ்குவாட்ல முட்டி கால் விரலைத் தாண்டவே கூடாதுன்னு எங்க மாஸ்டர் சொல்றார். சரியா?"

கால் நீளமானவருக்கு முட்டி விரலைத் தாண்டாமல் ஆழமாக உட்காரவே வராது. வலுக்கட்டாயமாக முட்டியைப் பின்னால் நிறுத்தினால் உடம்பு முன்னால் கவிழ்ந்து பாரம் கீழ்முதுகுக்குப் போகும். முட்டி ஒன்றிரண்டு அங்குலம் தாண்டினால் தப்பில்லை. பார்க்க வேண்டியவை வேறு: குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முட்டி, கால் விரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும், எழும்போது இரண்டு முட்டியும் உள்ளே சாய்ந்து ஒன்றை ஒன்று நோக்கி வரக் கூடாது.

பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்களை 15 முதல் 30 டிகிரி வெளியே திருப்புங்கள். தொடை தரைக்கு இணையாகும் வரையாவது இறங்குங்கள். அரைகுறையாக இறங்கி எடையைக் கூட்டுவதில் பிட்டத்துக்கு லாபம் குறைவு. நம் ஊரில் குத்தவைத்து உட்கார்ந்து பழகியவர்களுக்குக் கணுக்கால் நன்றாக மடங்கும். அப்படி உட்காரும்போது உங்கள் குதிகால் தரையில் படிகிறதா என்று வீட்டில் பாருங்கள். படியவில்லை என்றால் குதிகாலுக்கடியில் 2.5 கிலோ பிளேட்டை (ராட்டில் மாட்டும் எடைத் தட்டை) வைத்துச் செய்யுங்கள்.

5. "ஹிப் த்ரஸ்ட் செஞ்சா தொடை எரியுது, இடுப்பு வலிக்குது. பின்னாடி மட்டும் ஒண்ணும் தெரியலை."

இந்தப் பயிற்சியில் தப்பு நடப்பது பெரும்பாலும் பாதம் வைக்கும் இடத்தில். மேலே போய் நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு தரைக்குச் செங்குத்தாக, சுவர் போல நிற்க வேண்டும். பாதம் உடம்புக்கு மிக அருகில் இருந்தால் முன்தொடை எரியும். தள்ளி இருந்தால் பின்தொடை பிடித்துக்கொள்ளும். ஒரு செட்டில் பாதத்தை இரண்டு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, சரியான இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெஞ்ச் உயரம். தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் பெஞ்சின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் பட வேண்டும். பலருக்கு 35 முதல் 40 செ.மீ. சரியாக இருக்கும். ஜிம் பெஞ்ச் இதைவிட உயரமாக இருந்தால், குள்ளமானவர்கள் ஒவ்வொரு பாதத்துக்கடியிலும் ஒரு பிளேட் போட்டுக்கொள்ளலாம். டைல்ஸ் தரையில் பெஞ்ச் வழுக்கும். சுவரோடு ஒட்டிப் போட்டு, பெஞ்சின் காலுக்கடியில் சாக்கை விரியுங்கள். ராடு, அதாவது பிளேட் மாட்டும் இரும்புக் கம்பி, இடுப்பு மடிப்பில், தொடை தொடங்கும் இடத்தில் உட்கார வேண்டும். அங்கே எலும்பு நோகாமலிருக்கத் தடித்த துண்டை நான்காக மடித்துச் சுற்றுங்கள். 45 செ.மீ. அகலமுள்ள பெரிய பிளேட் போட்டால்தான் ராடு தொடைக்கு மேலாக உருண்டு வரும். நம் ஜிம்களில் இருக்கும் சின்னப் பிளேட்டுகளில் அது தொடையில் முட்டி நிற்கும். அப்போது ராட்டின் இரண்டு முனையிலும் ஆள் பிடித்துத் தூக்கி மடியில் வைப்பதுதான் வழி.

இடுப்பு வலிக்குக் காரணம், மேலே போனபின் முதுகை வில்லாக வளைப்பது. தாடையை நெஞ்சோடு சேர்த்து முன்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். கூரையைப் பார்க்க வேண்டாம். விலா எலும்பைக் கீழே இறக்கி, பின்பக்கத்தை இறுக்கி, உச்சியில் முழுதாக 1 நொடி நில்லுங்கள். அந்த 1 நொடி நிற்க முடியவில்லை என்றால் எடை அதிகம். 10 கிலோ குறையுங்கள்.

6. "ஆர்டிஎல் போட்டா அன்னிக்கு ராத்திரி முதுகு பிடிச்சுக்குது. விட்டுடலாமா?"

விட வேண்டாம், எடை இல்லாமல் முதலில் இருந்து தொடங்குங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாகத் தளர்த்தி, கையால் கார் கதவைச் சாத்த முடியாதபோது பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அப்படிப் பின்பக்கத்தைச் சுவரில் தொடுங்கள். தொட்டுவிட்டால் இன்னும் அரை அடி முன்னால் போய் மறுபடி. உடம்பு தானாகக் குனியும்; நீங்கள் குனிய முயல வேண்டாம். முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒட்டடைக் கம்பைப் பின்னால் பிடியுங்கள். தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு ஒட்டியே இருக்க வேண்டும். ஒன்று விலகினால் அதுதான் உங்கள் எல்லை. அதற்கு மேல் இறங்காதீர்கள்.

எடையோடு செய்யும்போது ராடு தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். நாலு விரல் அகலம் விலகினாலே முதுகுக்குப் பாரம் ஏறிவிடும். தரையைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை; முட்டிக்குக் கொஞ்சம் கீழே, பின்தொடை இழுபடும் இடத்தில் நிறுத்தித் திரும்பலாம். இறங்க 3 நொடி எடுத்துக்கொள்ளுங்கள்.

7. "வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை செட், எவ்வளவு எடை?"

வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி: திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் ஸ்குவாட் 3 செட் 8-10 தடவை, ஆர்டிஎல் 3 செட் 8-10, கடைசியில் பக்கவாட்டுக் கால் தூக்கல் பக்கத்துக்கு 15 தடவையாக 2 செட். வியாழன் ஹிப் த்ரஸ்ட் 4 செட் 10-12, பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் காலுக்கு 8 தடவையாக 3 செட். பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு நடுவே 2 நிமிடம், மூச்சு வாங்கினால் 3 நிமிடம் உட்காருங்கள். இந்தக் கணக்கில் வாரத்துக்கு 15 செட் வரும். தொடங்குகிறவருக்கு இதுவே தாராளம்.

எடையை உங்கள் நோட்டுதான் சொல்லும். 3 செட்டிலும் 10 வந்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள், எண்ணிக்கை 8-க்கு இறங்கும், மறுபடி 10-க்கு ஏற்றுங்கள். சிறு ஜிம்களில் ராட்டின் எடை யாருக்கும் தெரியாது. போட்டிக்குரிய ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. நம் ஊர் ராடு பெரும்பாலும் அதைவிட லேசு. உடல் எடை பார்க்கும் மெஷினில் ஒருமுறை நிறுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். நோட்டு இல்லாமல் பயிற்சி செய்கிறவர் ஆறு மாதமாக அதே எடையில் நிற்பதை உணர்வதே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

8. "ஜிம்முக்குப் போக வீட்டுல விடமாட்டாங்க. அரிசி மூட்டையும் தண்ணி கேனும்தான் இருக்கு."

அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டலாம். அரிசிச் சிப்பம் 25 அல்லது 26 கிலோ. நிரம்பிய தண்ணீர் கேன் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கேனை அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்யலாம், ஆனால் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். பாதிக் கேனில் தண்ணீர் அலைந்து ஆளைத் தள்ளும். இடையில் உள்ள எடைகளுக்குப் பழைய ஸ்கூல் பை போதும்: காய்ந்த மணலை 2 கிலோ, 2 கிலோவாகத் தடித்த பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்து, வாரம் ஒன்றாகப் பையில் சேருங்கள். கேஸ் சிலிண்டரை மட்டும் தொடாதீர்கள்.

படிகள் இப்படிப் போகட்டும். தரையில் படுத்து இடுப்பைத் தூக்குவது 20 தடவை சுலபமானால், ஒற்றைக் காலில். அதுவும் 15 வந்தால் மேல்முதுகைக் கட்டில் விளிம்பில் வைத்து ஒற்றைக் காலில். பிறகு இரண்டு காலில், மடியில் அரிசி மூட்டையோடு. ஸ்டெப் அப்புக்கு வாசற்படி 20 செ.மீ. உயரத்தில் தொடங்கித் திண்ணை வரை போகலாம். கீழே இருக்கும் காலால் உந்தாமல், மேலே வைத்த காலால் மட்டுமே எழ வேண்டும். ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்குப் பின்காலை வைக்க பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும், கட்டில்தான் நல்லது. உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து இறங்கினால் பிட்டத்தில் வேலை கூடும். நைட்டியோடு செய்யாதீர்கள், காலில் சிக்கும்.

9. "வெயிட் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்னு அம்மா பயப்படுறாங்க. தொடையும் ஆம்பள மாதிரி ஆயிடுமாமே?"

அம்மாவின் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. கர்ப்பப்பை இறக்கம் உண்மையான தொந்தரவு; பிரசவம், வயது, நாள்பட்ட மலச்சிக்கல், விடாத இருமல், மூச்சை அடக்கி அளவுக்கு மீறித் தூக்குவது எல்லாம் அதில் சேரும். அறிகுறி ஏதும் இல்லாத பெண், 7-ல் சொன்னபடி படிப்படியாக எடை ஏற்றுவதில் பயப்பட வேண்டியதில்லை. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போல பாரம், இருமினால் சிறுநீர் கசிவது என்றிருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பிரசவமானவர்கள், சிசேரியன் ஆனவர்கள், மருத்துவர் சரி என்று சொன்னபின் எடையில்லாத இடுப்புத் தூக்கலில் இருந்து தொடங்குங்கள்.

ஆண்களைப் போலத் தடிக்க வேண்டுமென்றால் அந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். பெண் உடம்பில் அதில் சிறு பங்குதான் சுரக்கிறது. மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் செய்யலாம், சோர்வாக இருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போடலாம். எதுவும் கெட்டுவிடாது.

10. "நான் வாரம் ரெண்டு தடவை சமணமலை ஏறுறேன். அது போதாதா?"

கீழக்குயில்குடியில் பாறையில் வெட்டிய படிகளில் ஏறுவது நல்ல பயிற்சி. உயரமான படி வரும்போது பிட்டத் தசை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே படி, அதே உடம்பு எடை. நாலு வாரத்தில் கால் பழகிவிடும், அதன்பின் வளர்வது மூச்சுதான். மலை ஏறுவதை விடாமல், 7-ல் உள்ள இரண்டு நாளை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். மலையேறிய மறுநாள் முன்தொடை வலிப்பது இறங்கியதால். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, அதில்தான் வலி அதிகம். ஆர்டிஎல் செய்த மறுநாள் பின்தொடை வலிப்பதும் இதே கணக்கு.

11. "புரோட்டீன் பவுடர் வாங்கியே ஆகணுமா?"

வேண்டியதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம். காலையில் 4 இட்லியும் 3 முட்டையும் ஏறக்குறைய 26. மதியம் சோறு, பருப்பு, 100 கிராம் சமைத்த கோழி நெஞ்சுக்கறி என்றால் 38 வரை. மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 13. இரவு தோசையோடு 2 முட்டை, ஒரு டம்ளர் பால்: 24. கணக்கு முடிந்தது. சைவம் என்றால் 50 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 26 கிராம் இருக்கிறது. தயிர், பன்னீர், பயறு மீதியை ஈடுகட்டும். வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் 50 கிராமில் 13 கிராம் புரதத்தோடு 280 கலோரியும் வரும், கை நிறைய அள்ளும்போது இதை நினைவில் வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

12. "சித்திரை வெயில்ல தகரக் கூரை ஜிம்முல லெக் டே பண்ண முடியலை."

40 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும் நாளில் யாருக்குமே முடியாது. காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். எடையைக் குறைக்காமல் செட்டைக் குறையுங்கள்: 3 இருந்தால் 2. அந்தக் கொஞ்சமே வளர்ந்த தசையைக் காப்பாற்றும். உப்புப் போட்ட நீர்மோர் கூடவே இருக்கட்டும். வியர்வையில் ராடு நழுவும், துண்டால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் அன்றைக்கு அதோடு சரி. பேச்சு குழறினால் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

13. "எங்க ஊர் மந்தையில இளவட்டக்கல் கிடக்கு. அதைத் தூக்கினா க்ளூட்ஸ் வளருமா?"

வளரும். கல்லைக் குந்தி அணைத்து, தொடையில் ஏற்றி, அங்கிருந்து இடுப்பை முன்னால் தள்ளி நிமிரும் அந்தக் கட்டத்தில் பிட்டத் தசைதான் முழு வேலையும் செய்கிறது. சிக்கல் இரண்டு. கல் ஒரே எடை. பாதி எடையில் பழக அங்கே வேறு கல் இல்லை. உருண்டைக் கல்லைத் தரையிலிருந்து எடுக்கும்போது முதுகு வளைந்தே தீரும்.

ஆசை இருந்தால் 8-ல் சொன்ன மணலை ஒரு சாக்கில் நிரப்பி 20 கிலோவில் தொடங்குங்கள். தரையிலிருந்து தொடை, தொடையிலிருந்து நெஞ்சு, அதோடு நிறுத்துங்கள். சாக்கு உங்கள் எடையில் முக்கால் பங்கு வந்து, ஆர்டிஎல்லிலும் முதுகு வலி இல்லாமல் சில மாதம் கடந்தபின், கல்லைப் பற்றி யோசிக்கலாம். தோளுக்கு மேல் பின்னால் போடுவதைப் பழகியவர் துணையில்லாமல் செய்யவே கூடாது.

14. "எது நல்ல வலி, எது கெட்ட வலி?"

செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை முழுக்கப் பரவி, அழுத்தினால் நோகும் வலி சாதாரணம். மூன்று நாளில் குறையும். வலி வரவில்லை என்பதால் பயிற்சி வீண் என்று பொருளில்லை. மூட்டுக்குள் குத்துவது, பயிற்சியின் நடுவே சுரீரென்று பிடிப்பது, பிட்டத்திலிருந்து பாதம் வரை மின்சாரம் போல ஓடுவது இவற்றுக்கு நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழக்கமில்லாமல் ஒரே நாளில் 300, 500 பஸ்கி போட்டால் தசை நார்கள் உடைந்து சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நிலை அது. தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

15. "எட்டு மாசமா ஹிப் த்ரஸ்ட் 60 கிலோவுலயே நிக்குது. என்ன பண்றது?"

முதலில் நோட்டைப் புரட்டுங்கள். 60 கிலோவில் முன்பு 8, இப்போது 12 என்றால் நீங்கள் நிற்கவில்லை, வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையும் அதேதான் என்றால் தூக்கத்தையும் 11-ல் உள்ள கணக்கையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். உடல் எடை ஒரு கிராம்கூட ஏறாமல் எட்டு மாதம் இருந்தால் சாப்பாடுதான் குறை. இரண்டும் சரியென்றால் ஒரு வாரம் செட்டைப் பாதியாகக் குறைத்து ஓய்வு கொடுங்கள். பிறகு 50 கிலோவுக்கு இறங்கி, உச்சியில் 3 நொடி நின்று 10 தடவை. அது வந்ததும் 52.5. இப்படி ஏறி 60-க்குத் திரும்பும்போது முன்பு தப்பாகத் தூக்கிக்கொண்டிருந்தது எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

16. "ஒரு பக்கம் மட்டும் பெருசா இருக்கு, அந்தப் பக்கம்தான் வேலை செய்யுது. மத்தது தூங்கிடுச்சா?"

நாள் முழுக்கக் கல்லாவிலோ தையல் மெஷினிலோ உட்கார்ந்தாலும் தசை தூங்கிவிடாது; படியேறுகிறீர்கள் என்றால் இரண்டும் வேலை செய்கின்றன. பலம்தான் குறைந்திருக்கும். கொஞ்சம் வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. ஒற்றைக்கால் பயிற்சிகளைப் பலவீனமான காலில் தொடங்குங்கள். அந்தக் கால் 7 போட்டால் மறு காலும் 7-லேயே நிற்கட்டும், 10 முடிந்தாலும் வேண்டாம். இப்படி 8 முதல் 12 வாரத்தில் எண்ணிக்கை சமமாகும். கண்ணாடியில் தெரிய இன்னும் நாளாகும்: பொதுவாகவே முதல் 6, 8 வாரம் பலம்தான் முன்னால் ஓடும், அளவு மாற்றம் மூன்று நான்கு மாதத்தில் பேன்ட்டில் தெரியும். ஒரு கால் மட்டும் மெலிந்துகொண்டே போனாலோ, நடக்கும்போது பாதம் தடுக்கினாலோ, அது பயிற்சியால் சரியாகும் விஷயமில்லை, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.